நெல்லின் ஈரத்தை அந்தச் சிறு பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விவசாயியின் வருமானத்தை இரண்டு கருவிகள் தீர்மானிக்கின்றன. ஒன்று தராசு. மற்றொன்று ஈரப்பதமானி. தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நம் எல்லோருக்கும் தெரியும். எடைக்கல்லை வைத்துப் பார்ப்போம், சந்தேகம் வந்தால் வேறு தராசில் மறு எடை போடுவோம். ஈரப்பதமானி விஷயத்தில் அப்படி இல்லை. ஒரு கைப்பிடி நெல்லைக் கொட்டுகிறார்கள், பொத்தானை அழுத்துகிறார்கள், ஓர் எண் வருகிறது. 17-க்குள் இருந்தால் மூட்டை உள்ளே போகும். தாண்டினால் மறுபடியும் களத்துக்கு.

குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசி மழையோடு மோதும்போது இந்த ஒரு எண்ணின் அருமை புரியும். திருப்பி அனுப்பப்பட்ட நெல் இரண்டு நாள் அம்பாரமாகக் கிடந்தாலே உள்ளுக்குள் சூடேறும், நிறம் மாறும், முளைக்கவும் தொடங்கும். "ஊரில் பார்த்தபோது 16.5 காட்டியது, இங்கே 18 காட்டுகிறதே" என்ற வாக்குவாதம் வருவதும் இந்த நேரத்தில்தான். எடுத்த எடுப்பிலேயே யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அந்தப் பெட்டிக்குள் என்னென்ன பகுதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதும் அதை எப்படித் தவிர்ப்பது என்பதும் விளங்கும்.

17 சதவீதம் என்பதன் பொருள்

17 சதவீத ஈரப்பதம் என்றால், 100 கிலோ நெல்லில் 17 கிலோ தண்ணீரும் 83 கிலோ உலர்பொருளும் இருக்கின்றன என்று பொருள். காய வைக்கும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது, உலர்பொருள் அப்படியே இருக்கிறது.

இதைச் சந்தேகத்துக்கு இடமின்றி அறிய ஒரே வழி, நெல்லில் உள்ள தண்ணீரை முழுவதும் வெளியேற்றி எடை பார்ப்பதுதான். ஆய்வகத்தில் அரைத்த தானியத்தை 130 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 2 மணி நேரம் உலர் அடுப்பில் வைப்பார்கள். 10 கிராம் வைத்து, எடுக்கும்போது 8.2 கிராம் இருந்தால், போன தண்ணீர் 1.8 கிராம். அதாவது 18 சதவீதம். மற்ற எல்லா ஈரப்பதமானிகளும் சரியா, தவறா என்று பார்க்க இந்த அடுப்பு முறைதான் அளவுகோல்.

மூட்டைகள் வரிசையில் நிற்கும் கொள்முதல் நிலையத்தில் ஒவ்வொருவருக்கும் 2 மணி நேரம் அடுப்பு மூட்ட முடியாது. அதனால்தான் மின்னணுக் கருவி. ஆனால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அந்தக் கருவி தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. நெல்லின் ஏதாவது ஒரு மின்சாரப் பண்பை அளந்து, அதிலிருந்து தண்ணீரைக் கணக்கிட்டுச் சொல்கிறது. அது சொல்லும் எண் ஒரு மதிப்பீடு. நல்ல நிலையில் உள்ள கருவிகளுக்கே கூட்டல் அல்லது கழித்தல் அரை சதவீதம் வரை வேறுபாடு இருக்கலாம் என்று கையேடுகள் குறிப்பிடுவது உண்டு.

இரண்டு வகைக் கருவிகள்

முதல் வகை, மாதிரியை ஒரு சிறு குழிவில் போட்டு, திருகால் இறுக்கி நசுக்கி அளப்பது. நசுங்கிய நெல் வழியாக மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று இது பார்க்கிறது. நன்கு காய்ந்த நெல் மின்சாரத்தைத் தடுக்கும். ஈரம் ஏற ஏற, தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் உதவியால் மின்சாரம் எளிதாகப் பாயும். இந்த வகையில் எவ்வளவு மாதிரி போடுகிறோம், எவ்வளவு இறுக்குகிறோம் என்பதைப் பொறுத்து அளவு மாறும். அதனால்தான் ஒவ்வொரு தானியத்துக்கும் இத்தனை தடிமன் வரை இறுக்க வேண்டும் என்று கருவியுடன் ஓர் அட்டவணை தருகிறார்கள்.

இரண்டாம் வகை, நெல்லை நசுக்காமல் ஒரு கிண்ணத்தில் கொட்டி அளப்பது. இப்போது பரவலாகக் காணும் டிஜிட்டல் கருவிகள் பலவும் இந்த வகைதான். இதன் அடிப்படை நமக்குப் பழக்கமான ஒரு பொருள்தான். ஒரு முனை மோட்டார் ஸ்டார்ட்டரில் இருக்கும் கண்டென்சரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு உலோகத் தகடுகள், இடையில் மின்சாரம் கடத்தாத ஒரு பொருள். இடையில் என்ன பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்து, கண்டென்சர் தேக்கிவைக்கும் மின்னூட்டம் கூடும், குறையும். காற்றுக்கு இந்தத் திறன் 1 என்று வைத்துக்கொண்டால், காய்ந்த தானியத்துக்கு 2 முதல் 4 வரை. தண்ணீருக்கு ஏறத்தாழ 80. இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால், நெல்லில் சிறிது தண்ணீர் கூடினாலும் கருவிக்குத் தெரிந்துவிடுகிறது.

பெட்டிக்குள் இருக்கும் பகுதிகள்

கிண்ணம்: நாம் நெல் கொட்டும் கிண்ணம் வெறும் பாத்திரம் அல்ல. அதன் சுவர் ஒரு தகடு, நடுவில் உள்ள உலோகத் தண்டு மற்றொரு தகடு. இரண்டுக்கும் இடையில் விழும் நெல்தான் கண்டென்சரின் நடுப்பொருள். எனவே கிண்ணத்தின் சுவரில் முன் மாதிரியின் தூசியோ, ஈரமோ, தவிடோ ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்தே கருவி அளக்கும்.

அலை உண்டாக்கும் சுற்று: இது கிண்ணத்துக்கு மிக வேகமாக முன்னும் பின்னும் மாறும் மின்னலையை அனுப்புகிறது. கிண்ணத்தின் தேக்குதிறன் கூடினால் அலையின் வேகம் குறையும். வீணையில் தடித்த கம்பி தாழ்ந்த சுருதி தருவதைப் போல, ஈரமான நெல் அலையைத் தாழ்த்துகிறது. நொடிக்கு எத்தனை அலை என்று எண்ணினாலே தேக்குதிறன் தெரிந்துவிடும். அலை மெதுவாக இருந்தால் நெல்லில் உள்ள உப்புகளின் பாதிப்பு அளவில் கலந்துவிடும். அதனால் நொடிக்குப் பல லட்சம் முறை முதல் கோடிக்கணக்கான முறை வரை மாறும் அலைகளைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க அரசின் தானிய ஆய்வில் நொடிக்கு 14 கோடியே 90 லட்சம் முறை மாறும் அலையில் இயங்கும் கருவிகள் பயன்பாட்டில் உள்ளன.

எடை உணரி: கிண்ணத்தில் அதிக நெல் இருந்தால் அதிகத் தண்ணீரும் இருக்கும். அதனால் எவ்வளவு நெல் இருக்கிறது என்று தெரியாமல் ஈரப்பதத்தைச் சொல்ல முடியாது. சில கருவிகளில் கிண்ணத்துக்கு அடியில் ஒரு சிறு அலுமினியப் பாளம் இருக்கும். அதன்மேல் மெல்லிய கம்பி இழைகள் ஒட்டப்பட்டிருக்கும். எடையால் பாளம் மயிரிழை அளவு வளையும்போது இழைகளின் மின்தடை மாறும். மின்னணுத் தராசிலும் இதே ஏற்பாடுதான். கருவி சாய்ந்திருந்தாலோ, ஆடும் மேசையில் இருந்தாலோ இந்த எடை தவறும். எடை உணரி இல்லாத கருவிகளில், குறித்த அளவு நெல்லைத் தனியாக எடை போட்டோ, கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி மட்டம் தட்டியோ அளக்க வேண்டும். அங்கே நெல்லைக் கையால் அழுத்தினாலும், கிண்ணத்தைத் தட்டிக் குலுக்கினாலும் ஈரப்பதம் கூடுதலாகக் காட்டும்.

வெப்ப உணரி: சூடான நெல், அதே ஈரம் உள்ள குளிர்ந்த நெல்லைவிடக் கூடுதலாகக் காட்டும். தோராயமாக ஒரு டிகிரிக்கு 0.1 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 10 டிகிரி வேறுபாடு என்றால் ஏறத்தாழ ஒரு சதவீதம். இதைச் சரிசெய்ய, வெப்பம் கூடும்போது மின்தடை குறையும் ஒரு சிறு மணி கருவிக்குள் இருக்கும். அது வெப்பத்தைச் சொல்ல, கருவி அதற்கேற்பக் கழிக்கும். ஆனால் அந்த மணிக்கும் நெல்லுக்கும் ஒரே வெப்பநிலை இருந்தால்தான் கழிக்கும் கணக்கு சரியாகும். வெயிலில் கிடந்த நெல்லை நிழலில் இருந்த கருவியில் உடனே கொட்டினால், கருவி குறைவாகக் கழிக்கும். ஈரம் கூடுதலாகத் தெரியும்.

எண்ணாக மாற்றும் சில்லு: உணரிகளிலிருந்து வருபவை சிறு மின்னழுத்தங்கள். இவற்றைப் படிப்படியாகப் பிரித்து எண்ணாக மாற்றுவது இந்தச் சில்லின் வேலை. 3 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிக்கும் சில்லு, ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் 3 பங்கு மாற்றத்தைக்கூடக் கவனிக்கும். பேட்டரி பலவீனமானால் இந்த ஒப்பீட்டு மின்னழுத்தம் தள்ளாடும் வாய்ப்பு உண்டு. பேட்டரி குறைவு என்ற அடையாளம் தெரியும்போது எடுக்கும் அளவை நம்பக் கூடாது.

கணக்கிடும் சில்லும் அதன் நினைவகமும்: அலை, எடை, வெப்பம் ஆகிய மூன்று எண்களும் இங்கே வந்து சேர்கின்றன. நினைவகத்தில் ஒவ்வொரு தானியத்துக்கும் ஓர் அட்டவணை இருக்கிறது. இந்த அளவு வந்தால் நெல்லுக்கு இவ்வளவு ஈரம், அரிசிக்கு இவ்வளவு, உளுந்துக்கு இவ்வளவு என்று முன்பே அடுப்பு முறையில் சோதித்துப் பதிந்து வைத்த அட்டவணை அது. நெல்லுக்கு உமி உண்டு, அரிசிக்கு இல்லை. ஆகவே இரண்டின் அட்டவணையும் வேறு. அரிசிக்கான குறியீட்டை வைத்து நெல்லை அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. திரையில் எண்ணைப் பார்க்கும் முன், எந்தத் தானியம் தேர்வாகியிருக்கிறது என்று பார்ப்பது முதல் வேலை.

ஒரே நெல், இரண்டு அளவு

இனி முதலில் சொன்ன வாக்குவாதத்துக்கு வருவோம். ஊரில் 16.5, நிலையத்தில் 18 என்பதற்குக் கருவியைத் தாண்டி நெல்லிலேயே காரணங்கள் உண்டு.

முதலாவது, அவசரமாகக் காய்ந்த நெல். பகல் முழுதும் வெயிலில் கிடந்த நெல்லின் மேற்பகுதி காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் இருக்கும். அந்த மாலையிலேயே அளந்தால், மின்சாரம் காய்ந்த மேற்பரப்பையே அதிகம் சந்திப்பதால் அளவு குறைவாக வரலாம். இரவில் உள்ளிருக்கும் ஈரம் வெளிப்பக்கம் பரவும். மறுநாள் அதே நெல் அரை முதல் ஒரு சதவீதம் கூடுதலாகக் காட்டினால் வியக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, இதற்கு நேர்மாறானது. பனியிலோ தூறலிலோ நனைந்த நெல்லில் ஈரம் வெளித்தோலில் மட்டும் இருக்கும். உண்மையான அளவைவிடக் கருவி அதிகமாகக் காட்டும். தார்ப்பாயின் அடியில் வியர்த்த நெல்லுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, பச்சை நெல். இயந்திர அறுவடையில் முற்றாத பச்சை மணிகளும் வைக்கோல் துணுக்குகளும் சேர்ந்து வரும். இவற்றில் முற்றிய மணியைவிட ஈரம் அதிகம். தூற்றி, பதரும் பச்சை மணியும் போன பிறகு அளந்தால் எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நான்காவது, மாதிரி எடுத்த இடம். அம்பாரத்தின் மேல்பக்கம் வெயில் பட்டிருக்கும், அடிப்பக்கம் தரையின் ஈரத்தை இழுத்திருக்கும். மேலிருந்து ஒரு பிடி எடுத்தால் ஓர் அளவு, அடியிலிருந்து எடுத்தால் வேறோர் அளவு. இதில் கருவியின் தவறு ஏதும் இல்லை.

சரியாக அளக்கும் முறை

1. அம்பாரத்தின் மேல், நடு, அடி என ஐந்தாறு இடங்களிலிருந்து மாதிரி எடுக்கவும். மூட்டையாக இருந்தால் குத்தூசியால் பல மூட்டைகளிலிருந்து எடுக்கவும். எல்லாவற்றையும் நன்றாகக் கலக்கவும்.

2. மாதிரியை உடனே அளக்காவிட்டால், காற்றுப் புகாத பாலித்தீன் பையில் முழுவதும் நிரப்பிக் கட்டவும். திறந்த பாத்திரத்தில் வைத்தால் ஈரம் மாறிவிடும்.

3. வெயிலில் இருந்த நெல்லை நிழலில் ஆறவிட்ட பிறகே அளக்கவும். கருவியும் மாதிரியும் அரை மணி நேரமாவது ஒரே இடத்தில் இருக்கட்டும்.

4. கிண்ணத்தைக் காய்ந்த துணியால் துடைக்கவும். ஈரக் கையால் தொட வேண்டாம்.

5. ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்திலிருந்து, ஒரே வேகத்தில் நெல்லைக் கொட்டவும். தட்டவோ அழுத்தவோ கூடாது.

6. மூன்று முறை வெவ்வேறு பிடி நெல்லை அளந்து சராசரி எடுக்கவும். 16.6, 17.2, 16.9 என்று வந்தால் சராசரி 16.9. ஒன்று மட்டும் வெகுதூரம் விலகி நின்றால் அந்த அளவை மறுபடி எடுக்கவும்.

கொள்முதல் நிலையத்திலும் இதே முறையைப் பணிவாகக் கேட்கலாம். நெல் என்ற குறியீடு வைத்திருக்கிறீர்களா, கிண்ணம் சுத்தமாக இருக்கிறதா, மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்கலாமா என்று கேட்பதில் யாருக்கும் வருத்தம் வரக் காரணமில்லை. 17.3 வந்த மாதிரி அடுத்த முறை 16.8 காட்டக்கூடும் என்பது இரு தரப்பும் அறிய வேண்டிய உண்மை. அதேநேரம் மூன்று முறையும் 19-ஐத் தாண்டினால், கருவியோடு வாதிடுவதைவிட நெல்லைக் காய வைப்பதுதான் வழி.

கூடுதலாகக் காய்ந்தாலும் நட்டம்

கருவியை நம்பாத சிலர், எதற்கும் இருக்கட்டும் என்று நெல்லை அளவுக்கு மேல் காய வைக்கிறார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. 17 சதவீதத்தில் இருக்கும் 40 கிலோ மூட்டையில் உலர்பொருள் 33.2 கிலோ. அதை 14 சதவீதம் வரை காய வைத்தால் எடை 38.6 கிலோவாகிவிடும். மூட்டைக்கு ஏறத்தாழ 1.4 கிலோ குறைகிறது. 100 மூட்டைக்கு 140 கிலோ, அதாவது மூன்றரை மூட்டை. கொள்முதல் விலை 17-க்கும் 14-க்கும் ஒன்றுதான் என்னும்போது, இந்த மூன்றரை மூட்டை களத்திலேயே ஆவியாகிறது. வேலையாட்களின் கூலி தனி.

மறுபக்கம், 20 சதவீதத்தில் இருக்கும் 40 கிலோ நெல்லை 17-க்குக் கொண்டுவந்தால் 38.55 கிலோ மிஞ்சும். குறையும் எடை வெறும் தண்ணீர்தான். இதை முன்கூட்டியே கணக்கிட்டால், எத்தனை மூட்டை தேறும் என்று தெரிந்து சாக்கும் வண்டியும் ஏற்பாடு செய்யலாம்.

காய வைக்கும்போது 2 முதல் 4 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிவிடவும். உச்சி வெயிலில் நெல்லின் சூடு 50 டிகிரியைத் தாண்டினால் மூடிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் மணி வெடித்து, அரைக்கும்போது நொய் கூடும்.

வீட்டில் சேமிப்பவர்களுக்கு அளவு வேறு. சில மாதங்கள் வைக்க 14 சதவீதத்துக்குக் கீழேயும், 8 மாதத்துக்கு மேல் வைக்க 13-க்குக் கீழேயும் வேண்டும். விதைநெல்லுக்குச் சாதாரணச் சாக்கில் 13 சதவீதமும், காற்றுப் புகாத உறையில் 8 சதவீதமும் உச்சவரம்பு.

கருவி இல்லாதவர்களுக்கு உப்பு சோதனை

பல்லால் கடித்து, "கடுக்" என்ற ஒலியை வைத்து ஈரம் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. அனுபவசாலிகளுக்கு அது கைகொடுக்கும். இன்னொரு எளிய வழி, உப்பு. நன்கு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நெல் எடுத்து, வெயிலில் காய வைத்த தூள் உப்பு இரண்டு, மூன்று கரண்டி சேர்த்து மூடி, ஒரு நிமிடம் குலுக்கவும். கால் மணி நேரம் கழித்துப் பார்க்கவும். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், சேமிக்க ஏற்றதல்ல. ஒட்டாமல் அடியில் விழுந்தால் 15-க்குக் கீழே. 17-ஐத் துல்லியமாகச் சொல்ல இது உதவாது. ஆனால் குதிரில் கொட்டும் முன் பார்க்க இதுவே போதும்.

விரிவாக்கப் பணியாளர்கள் கவனத்துக்கு

கருவியின் நினைவகத்தில் உள்ள அட்டவணை, வேறு ஊரின் ரகங்களை வைத்துத் தயாரித்ததாக இருக்கலாம். சன்ன ரகமும் மோட்டா ரகமும் கிண்ணத்தில் ஒரே மாதிரி அடங்குவதில்லை. எனவே ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடைக்கு முன்பு, உங்கள் பகுதி ரகத்தில் 13, 15, 17, 20 சதவீதம் என்று நான்கு நிலைகளில் மாதிரி தயாரித்து, கருவியிலும் உலர் அடுப்பிலும் சோதித்துப் பார்க்கவும். அடுப்பு வசதி பெரும்பாலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் விதைப் பரிசோதனை நிலையங்களிலும் இருக்கும். எல்லா நிலையிலும் கருவி ஒரே அளவு கூடவோ குறையவோ காட்டினால், பல கருவிகளில் உள்ள திருத்தும் வசதி மூலம் அதைச் சரிசெய்யலாம். ஒரு நிலையில் கூட்டியும் மற்றொன்றில் குறைத்தும் காட்டினால் பழுது பார்க்க அனுப்ப வேண்டும். சோதித்த தேதியையும் வேறுபாட்டையும் எழுதிக் கருவியின் பெட்டியிலேயே ஒட்டிவைத்தால் கேட்பவர்களுக்குக் காட்டலாம்.

ஒவ்வொரு விவசாயியும் தனியாகக் கருவி வாங்க வேண்டியதில்லை. உழவர் உற்பத்தியாளர் குழுவோ நிறுவனமோ ஊருக்கு ஒன்று வாங்கி, ஒருவருக்குப் பயிற்சி தந்து, களத்திலேயே அளந்து கொடுக்கலாம். நெல் வண்டியில் ஏறும் முன்பே ஈரம் தெரிந்துவிட்டால், திரும்பி வரும் வண்டி வாடகையும் வரிசையில் காத்திருக்கும் இரவுகளும் மிச்சமாகும். வரும் அறுவடைக்கு முன் அந்தக் கருவியின் பேட்டரியை மாற்றி, கிண்ணத்தைத் துடைத்து, ஒரு முறை அடுப்போடு ஒப்பிட்டுத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.